இலையில் ஒரு தாபேலி

அத்தியாயம் 11

போன வாரம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கிய அரிபிரசாத்தின் தோளில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் அவன் துணிமணி. இன்னொன்றை அவன் யார் கையிலும் கொடுக்கவில்லை. ஆட்டோக்காரர் வாங்கிப் பின்னால் வைக்கப் போனபோதுகூட, "இருக்கட்டும், மடியிலயே வச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பையைத்தான் இப்போது தைலம்மாள் சமையல்கட்டில் பிரித்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா அரி இது? பட்டையும் லவங்கமும் ஒண்ணா அடிக்குது. பிரியாணி மசாலாவா?"

"இல்லம்மா. தாபேலின்னு அங்க ஒரு பன்னு. அதுக்குப் போடற மசாலா."

"பூவாடைக்கா கொண்டாந்த?"

"ம்."

மகனிடமிருந்து 'ம்' வந்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் பெயராது என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். ஆர்த்தி போன பிறகு அந்த 'ம்'மும் குறைந்துவிட்டது.

ஆர்த்தி போய் ஒரு வருடம் ஆகிறது. குஜராத்தில், கட்ச் கடலோரத்து மாண்டவியில், அரிக்குக் காற்றாலைக் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம் அங்கே இருந்தார்கள். ஒரு பங்குனிச் சாயங்காலம் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எரித்த அன்று அரி அழவில்லை. கருமாதி அன்றும் அழவில்லை. மறு வாரமே வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். 'கல்லுப் புள்ளயார்' என்று உறவில் யாரோ சொன்னது தைலம்மாள் காதிலும் விழுந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. திண்டிவனத்தில் ஆர்த்தியின் தாய் வீட்டில் பூவாடை. சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் நல்ல காரியம் எடுக்கும் முன் அவளுக்குப் புதுப் புடவை சாத்தி, பூ வைத்து, உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் ஆசையாகத் தின்றாளோ அதையெல்லாம் இலையில் படைத்து, 'வந்து சாப்ட்டுட்டு, கூட நின்னு நடத்திக் குடு' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்த்தியின் தம்பி வல்லரசுக்கு வைகாசியில் கல்யாணம்.

"நம்ம ஊட்டு மருமவ. நம்ம ஊட்லதான் மொதல்ல படைக்கணும்" என்றாள் தைலம்மாள், இத்தோடு நாலாவது தடவையாக. "பாஞ்சாலி அண்ணி போன்ல அழுவுது. சரி, பெத்தவ ஆசப்படறான்னு உட்டுட்டேன். புடவ மட்டும் நம்ம ஊட்டுப் புடவயா இருக்கணும். பாரு, மாம்பழக் கலரு. அவளுக்கு இந்தக் கலரு புடிக்குமா?"

அரி புடவையைப் பார்த்தான். பிடிக்குமா? அவனுக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு வருடத்தில் இது போலப் பல கேள்விகள். அவளுக்குப் பிடித்த நிறம், பிடித்த பூ, பிடித்த சாமி. யாராவது கேட்கும்போதெல்லாம், பரீட்சையில் படிக்காத பக்கத்திலிருந்து வந்த கேள்வி போல விழித்தான். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன்.

ஒன்றே ஒன்று மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். "இலையில இன்னா வெக்கலாம் மாப்ள? அங்க இன்னா ஆசப்பட்டுத் தின்னா?" என்று பாஞ்சாலி போனில் கேட்டபோது, யோசிக்காமல் சொன்னான்.

"தாபேலி. அத நானே கொண்டாந்து செய்யறேன் அத்தை."

"தாபேலியா?" என்று அந்தப் பக்கம் குரல் இழுத்தது. பிறகு, "சரிங்க மாப்ள" என்றாள் பாஞ்சாலி.

"நீ வரலயாம்மா?" என்று இப்போது அரி கேட்டான்.

"நான் வந்தா அந்தப் பொம்பளயும் அழுவும், நானும் அழுவேன், நடக்க வேண்டியது நடக்காது. நீ போய் வா."

பேக்கரியில் பாவ் கேட்டான். "பாவ் பாஜிக்குப் போடறதா? ஜாம் பன் சூடா இருக்குது, தரவா?" என்றார் கடைக்காரர். கடைசியில் உள்ளே போய், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த ஒரு தட்டு பாவை எடுத்துவந்தார். அரி அதை அழுத்திப் பார்த்தான். அமுங்கி மேலே வந்தது. தேவலாம். மாதுளம்பழமும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

*

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வல்லரசு பைக்கோடு நின்றிருந்தான். மாப்பிள்ளைக் களை இன்னும் வரவில்லை. தாடி மட்டும் புதிது.

"வாங்க மாமா. இன்னா இப்புடி எளச்சிப் போய்ட்டீங்க? அங்க சோறு போட மாட்டறாங்களா?"

"போடறாங்க."

"ஏறுங்க. இருங்க இருங்க, ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சஸ்பென்சு. நம்ம ஊர்லயே தாபேலி வந்துடுச்சி, தெரியுமா?"

ஜல்தியாகக் கொண்டுபோய் ஒரு கடை முன்னால் நிறுத்தினான். கடையின் நெற்றியில் 'பாம்பே தாபேலி' என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் மோமோஸ், சாண்ட்விச், நூடுல்ஸ் எல்லாம் படமாக ஒட்டியிருந்தன. வல்லரசு இரண்டு சொன்னான். வந்தது. எள் தூவிய பெரிய பன். நடுவில் பச்சைப் பட்டாணி போட்ட சமோசாக் கிழங்கு. அதற்கு மேல் முட்டைகோஸ், தக்காளி சாஸ், வழிந்துகொண்டிருந்த மயோனைஸ்.

அரி ஒரு வாய் கடித்தான். மென்றான். மீதியைத் தட்டில் வைத்தான்.

"இன்னா மாமா? நல்லாதான இருக்குது?"

"இது தாபேலி இல்ல."

"பின்ன இன்னா, தோசயா?"

"பாம்பேயும் தப்பு. அது கட்ச் ஊரு சாமான். மாண்டவியிலதான் மொதல்ல செஞ்சாங்கன்னு அங்க சொல்வாங்க" என்று ஆரம்பித்தான் அரி. "கிழங்க மசிச்சி அந்த மசாலாவுல வதக்கணும். பட்டை, லவங்கம், மல்லி, காஞ்ச மொளகா. பாவை ரெண்டாப் பொளந்து ஒரு பக்கம் பூண்டுச் சட்னி, ஒரு பக்கம் பேரீச்சம்பழமும் புளியும் வெல்லமும் போட்டுக் காச்சின இனிப்புச் சட்னி. கிழங்கு வச்சி, மேல மசாலா தடவி வறுத்த மல்லாட்டக் கடல, மாதுள முத்து. அப்பறம் கல்லுல வெண்ணெய் போட்டு அழுத்திச் சுடணும். சுட்டு எடுத்து ஓரத்த ஓமப்பொடியில ஒத்தி எடுப்பாங்க. மொதல்ல இனிப்பு வரும். அப்பறம் உறைப்பு. அப்பறம் மாதுள பல்லுல பட்டு வெடிக்கும். ஒண்ணுக்கு அப்பறம் ஒண்ணு, வரிசையா. இதுல எல்லாம் ஒரே நேரத்துல கத்துது."

வல்லரசு கடிப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான்.

"மாமா, நீங்க இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல. எங்க அக்காவ பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நீங்க பேசுனது ரெண்டே வார்த்த. ஒண்ணு 'தண்ணி'. இன்னொண்ணு 'போதும்'."

அரிக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. வரவில்லை.

"அக்கா அங்க தெனம் தின்னுதா இத?"

"தெனம். சாயங்காலம் நான் வந்ததும் பாலத்தாண்ட ஒரு கடை. ஜிக்னேஷ்பாய்னு ஒருத்தரு. செவுத்து மேல உக்காந்து சாப்பிடுவோம். உங்கக்கா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிப்பா. காரம் தாங்க மாட்டா."

"எங்கக்காவா?" என்றான் வல்லரசு. வேறேதோ சொல்ல வந்தவன், வாயைத் துடைத்துக்கொண்டு பைக்கை உதைத்தான்.

*

பாஞ்சாலி விடியலிலேயே வீட்டைக் கழுவி விட்டிருந்தாள். நடுக்கூடத்து மூலையில் பித்தளைச் சொம்பு. அதன் மேல் வேப்பிலையும் மல்லிகைச் சரமும். மஞ்சளில் பிடித்த முகம் ஒன்று. அதில் குங்குமம் வைத்திருந்த இடம் கொஞ்சம் கோணல். ஆர்த்தியும் பொட்டைக் கோணலாகத்தான் வைத்துக்கொள்வாள். அரி சட்டென்று வேறு பக்கம் பார்த்தான்.

"வாங்க மாப்ள. மோரு குடிக்கறீங்களா, காப்பி குடிக்கறீங்களா?"

"எதுவும் வேணாம் அத்தை. அடுப்பு வேணும்."

பாஞ்சாலி புடவையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. புருஷன் போன பிறகு நிலத்தைத் தனியாக நின்று பார்த்துக்கொள்கிறவள். மல்லாட்டை பிடுங்கும் நாளில் முப்பது ஆளை வேலை வாங்குகிற குரல் அது.

"உச்சிக்கு முன்னாடி படைச்சிடணும். ஜல்தியா செய்யுங்க."

சமையல்கட்டில் இலைக்குப் போகிறவையெல்லாம் தயாராக மூடி வைத்திருந்தன. முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. பலாச்சுளை. ஒரு பாட்டில் கோலி சோடா. எல்லாவற்றுக்கும் ஓரமாக ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் சுட்டு வைத்த பன் இரண்டு.

அரி குனிந்து பார்த்தான். டீக்கடைப் பன்தான். நடுவே பிளந்து, சோம்பும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கிய கிழங்கு. இடித்த மல்லாட்டையில் காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்த சிவப்புப் பொடி. மாதுளை இருக்க வேண்டிய இடத்தில் பொடியாக நறுக்கிய மாங்காய். நல்லெண்ணெயில் முறுகலாகச் சுட்டிருந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டான். புளிப்பில் பல் கூசியது. பிறகு உறைப்பு காது வரை ஏறியது. இனிப்பு மருந்துக்கும் இல்லை.

"இது என்ன அத்தை?"

"தாபேலிதான்."

"இது தாபேலி இல்ல."

கடையில் சொன்ன அதே வார்த்தை. கடைப் பண்டத்தை அப்படிச் சொல்லலாம். இங்கே சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. பாஞ்சாலியின் கை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது.

"சரி மாப்ள. நீங்க உங்களுத செய்யுங்க" என்றாள்.

செய்தான். அவன் கைக்கு அது மனப்பாடம். கிழங்கு வெந்து, மசாலா எண்ணெயில் விழுந்ததும் மாண்டவிப் பாலம் அந்தச் சமையல்கட்டுக்குள் வந்துவிட்டது. ஆற்றோரம் கட்டிக்கொண்டிருக்கும் மரக்கப்பல்களின் எலும்புக்கூடு, உப்புக் காற்று, பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி. அங்கிருந்து கொண்டுவந்த இனிப்புச் சட்னி பாட்டிலைத் திறந்தான். பாவை வெண்ணெயில் அழுத்தினான். ஓரத்தை ஓமப்பொடியில் ஒற்றினான். இரண்டு செய்து தட்டில் வைத்தான். பொன்னிறம். மாதுளை முத்து ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. ஜிக்னேஷ்பாயே பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்.

மூன்றாவதாக ஒன்று செய்து வல்லரசிடம் கொடுத்தான். வல்லரசு தின்றான். மரியாதைக்குத் தலையை ஆட்டினான்.

"நல்லா இருக்குது மாமா. கொஞ்சம் ஸ்வீட்டு மாரி இருக்குது. பண்டிகைக்குச் செய்யறாங்களே, அது மாரி."

"அதான் அதோட ருசி."

"ம்" என்றான் வல்லரசு. இப்போது 'ம்' அவன் முறை.

பாஞ்சாலி கூடத்தில் தலைவாழை இலையை விரித்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். அடை. பலாச்சுளை. சோடா. அரி தன் தட்டை எடுத்துவந்து இலையின் நடுவில் தாபேலி இரண்டையும் வைத்தான். பாஞ்சாலி சமையல்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் எவர்சில்வர் தட்டு.

"அத்தை, அதான் வச்சிட்டேனே."

"இதுவும் இருக்கட்டும் மாப்ள."

"வேணாம் அத்தை." குரல் அவனை மீறி ஏறியது. "தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு வருஷம் அவ பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான். அவளப் பத்தி எனக்கு வேற எதுவும் தெரியாது. இது தெரியும். அவளுக்குப் புடிச்சது இது. அவளுக்குக் காரம் ஆகாது. அத வச்சீங்கன்னா அவ எப்படிச் சாப்பிடுவா?"

"எம் பொண்ணுக்கா?" பாஞ்சாலி தட்டோடு அப்படியே நின்றாள். "எம் பொண்ணுக்கா மாப்ள காரம் ஆகாது? பழைய சோத்துக்குப் பத்து பச்ச மொளகா கடிக்கறவ."

"அம்மா, உடும்மா" என்றான் வல்லரசு வாசலிலிருந்து.

"நீ சும்மா இருடா."

"அங்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிப்பா அத்தை. நான் பாத்திருக்கேன்."

பாஞ்சாலி மெல்ல உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் முகத்தைப் பார்த்துப் பேசினாளா, அவனைப் பார்த்துப் பேசினாளா என்று சொல்ல முடியவில்லை.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். இது நான் செஞ்ச தினுசு இல்ல மாப்ள. அவ செஞ்சது. கடைசியா ஆடிக்கு வந்தா பாருங்க, அப்ப அந்த அடுப்பாண்ட நின்னுக்கினு செஞ்சா. 'அம்மா, அங்க ஒரு பன்னு விக்கறாங்க, உள்ளுக்குள்ள பாயசத்த ஊத்தன மாரி இருக்கும், வாயில வெக்க முடியல, தண்ணியக் குடிச்சிக் குடிச்சித்தான் எறக்கறேன்'ன்னா. 'அதையே நம்ம ஊரு வாய்க்குச் செஞ்சித் தரேன் பாரு'ன்னு மாங்காய நறுக்கிப் போட்டா. உக்காந்து நாலு தின்னா. இந்தப் பையன் ரெண்டு. எனக்கு ஒண்ணுதான் கெடச்சிச்சி."

அரி இலையில் தான் வைத்த இரண்டையும் பார்த்தான்.

"நான் கேட்டேன். புடிக்கலன்னா மாப்ளகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடி, அவுரு இன்னா அடிக்கவா போறாருன்னு."

நிறுத்திவிட்டாள்.

"சொல்லுங்க அத்தை."

"வேணாம் மாப்ள."

"சொல்லுங்க."

"'சொன்னா அந்தக் கடைக்குப் போறத உட்டுடுவாரும்மா'ன்னா. 'ஊட்ல ஒரு வார்த்த பேச மாட்டாரு. அந்தச் செவுத்து மேல உக்காந்து அதக் கையில வாங்கிட்டாருன்னா பேசுவாரு பாரு, வேலையாண்ட நடந்தது, சின்ன வயசுல நடந்தது, எல்லாம் பேசுவாரு. அதக் கேக்கறதுக்காவ நான் மண்ணக் கூடத் தின்னுவேன்'ன்னா."

வெளியே தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

அரிக்கு அந்தச் சுவர் தெரிந்தது. தண்ணீர் பாட்டில் தெரிந்தது. 'என்ன, அதுக்குள்ள காரமா?' என்று அவன் கேலி செய்வான். ஆமாம் என்று அவள் நாக்கை நீட்டுவாள். தன் தாபேலியிலிருந்து மாதுளை முத்துக்களை மட்டும் முதலில் பொறுக்கித் தின்பாள். ருசித்துத் தின்கிறாள் என்று நினைத்திருந்தான். சில நாள் தன்னுடையதில் பாதியை அவனிடம் தள்ளிவிடுவாள். பாசம் என்று அதையும் வாங்கித் தின்றிருக்கிறான். இரண்டு வருடம். அவன் பேசினான். அவள் விழுங்கினாள்.

அவனுக்குத் தெரிந்திருந்த அந்த ஒன்றும்கூட இப்போது இல்லை.

"உச்சி ஆவுது" என்றாள் பாஞ்சாலி. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும், உங்களுதே இருக்கட்டும் மாப்ள. அத்தன தூரம் சொமந்துக்கினு வந்தீங்க. அவ ஒண்ணும் கோச்சிக்க மாட்டா."

அரி குனிந்து, தான் வைத்த இரண்டையும் இலையிலிருந்து எடுத்தான். வெண்ணெய் இலையில் தடம் விட்டிருந்தது. அதைத் துண்டால் துடைத்தான். பாஞ்சாலியின் தட்டிலிருந்த பன்களை அந்த இடத்தில் வைத்தான். ஒன்றிலிருந்து மாங்காய்த் துண்டு ஒன்று உருண்டு விழுந்தது. அதையும் எடுத்து உள்ளே செருகினான். தன்னுடையதைச் சமையல்கட்டு மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

பாஞ்சாலி வேண்டாம் என்று சொல்லவில்லை.

*

கற்பூரம் காட்டியாயிற்று. மாம்பழக் கலர் புடவையைச் சொம்புக்குச் சுற்றி மடிப்பு வைத்தாள் பாஞ்சாலி. வல்லரசு விழுந்து கும்பிட்டான். கும்பிட்டவன் எழுந்திருக்க நேரமாயிற்று. தோள் குலுங்கியது.

"இப்ப கூப்புடணும்" என்றாள் பாஞ்சாலி. "வந்து சாப்டுன்னு பேரச் சொல்லிக் கூப்ட்டுட்டு, கதவச் சாத்திக்கினு கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய நிக்கணும். நாம பாத்துக்கினு இருந்தா அவ தின்ன மாட்டா. கூப்புடுங்க மாப்ள."

"நீங்க கூப்பிடுங்க அத்தை."

"கட்டுனவரு இருக்கறப்ப நான் கூப்புடக் கூடாது."

அரி சொம்பைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். வல்லரசு தலையைக் குனிந்துகொண்டான். விளக்கு படபடவென்று ஆடி நிமிர்ந்தது.

பாஞ்சாலி அவனைப் பார்த்தாள். பிறகு மகன் தோளைத் தொட்டாள். "வாடா. மாப்ள கூப்ட்டுட்டு வருவாரு" என்று அவனை இட்டுக்கொண்டு வெளியே போய், கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அரி தனியாக நின்றான். இலை. சோடா பாட்டில். கோணல் பொட்டு.

"ஆர்த்தி" என்றான். மறுபடி சொன்னான். "ஆர்த்தி. வா. சாப்பிடு."

அவ்வளவுதான். கூப்பிட்டாயிற்று. வெளியே போகலாம். ஆனால் கால் போகவில்லை. இலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"மொளகாப் பொடி தூக்கலா இருக்கு" என்றான். "உனக்கு அதான் புடிக்குமாமே. எனக்கு இப்பதான் சொல்றாங்க."

சோடா பாட்டிலை நேராக வைத்துவிட்டு, "உன் துளசிச் செடிய வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துட்டேன். நான் ஊத்துனா வாடிப் போச்சி. அவங்ககிட்ட போனதும் தழைச்சிடுச்சி" என்றான்.

"உன் செருப்பு இன்னும் வாசல்லதான் இருக்கு. எடுக்கணும்னு தினம் நெனைக்கறேன். எடுத்தா வீட்டுல ஆள் இல்லன்னு தெரிஞ்சிடும்."

"ஜிக்னேஷ்பாய் உன்னப் பத்திக் கேட்டாரு. நீ போய் ஒரு மாசம் கழிச்சி அந்தப் பக்கமா போனேன். 'பாபி எங்க?'ன்னாரு. ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல. எப்ப வருவாங்கன்னாரு. வருவான்னேன். அதுக்கு அப்பறம் அந்தப் பாலத்துப் பக்கமே போகல ஆர்த்தி. சுத்துப் பாதையிலதான் வேலைக்குப் போறேன். அவரு இன்னும் நீ ஊர்ல இருக்கன்னுதான் நெனச்சிட்டு இருப்பாரு. அந்த ஊர்ல ஒரே ஒருத்தருக்காவது நீ செத்துப் போனது தெரியாம இருக்கட்டும்னு..."

அதற்கு மேல் வார்த்தை உடைந்தது. ஒரு வருடமாக எங்கே இருந்ததோ, அது வந்தது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். கேட்டிருக்கும்.

கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. பாஞ்சாலி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வல்லரசு பைக்கின் மேல் சாய்ந்து நின்றான். இருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடு தெரிந்தது.

அரி படியில் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமியாருக்குச் சமமாக மருமகன் உட்காருவது அந்த வீட்டில் வழக்கமில்லை. இன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அத்தை."

"சொல்லுங்க மாப்ள."

"எங்கிட்ட சொல்லாதது வேற என்னெல்லாம் அவ உங்ககிட்ட சொன்னா?"

பாஞ்சாலி மகனை நிமிர்ந்து பார்த்தாள். வல்லரசு வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினான். அரி அதைப் பார்த்துவிட்டான்.

"மொதல்ல வந்து ஒரு வாய் சாப்புடுங்க" என்றபடி பாஞ்சாலி முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "சிலதெல்லாம் வெறும் வயித்துல கேக்கற மாரி இல்ல."